சிக்கன் 65: சிவப்பு நிறம் எதை மறைக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சிறிய குசினியில் நான் சிக்கன் 65 பொரித்துக்கொண்டிருந்தேன். தம்பியும் மச்சாளும் வந்திருந்தார்கள். மச்சாளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கடைச் சாப்பாட்டை அவர் அடியோடு நிறுத்தியிருந்தார். "வீட்டில செய்து தந்தா சாப்பிடுவன் அக்கா" என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கைக்காகத்தான் நானும் சமைக்க இறங்கினேன்.

துண்டுகள் தாச்சியிலிருந்து வெளியே வந்தபோது, உணவகங்களில் வருகிற அதே செக்கச் சிவந்த நிறம். கறிவேப்பிலை மேலே. தேசிக்காய் ஓரத்தில். கைத்தொலைபேசியில் படம்கூட எடுத்தாயிற்று. மச்சாள் இரண்டாவது துண்டைக் கடித்துவிட்டு, சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அக்கா, இது உள்ளுக்க அவியேல்லைப் போல."

பிய்த்துப் பார்த்தேன். எலும்போரம் இறைச்சி கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு, இளஞ்சிவப்பாக இருந்தது. ஏறக்குறைய பச்சை.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்களையும் நான் மறக்கமாட்டேன். காலையும் மாலையும் தம்பிக்கு அழைத்து, வயிறு எப்படி, காய்ச்சல் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால், இருபது நிமிடத்தில் செய்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிற ஒரு பைட்ஸ் எப்படி இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது என்ற கேள்வி எனக்குள் கிடந்தது. பதிலைத் தேடப் போனபோது அது எண்ணெய்ச் சூட்டில் மட்டும் இருக்கவில்லை, நிறத்திலும் இருந்தது. அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். சிக்கன் 65 என்றால் என்ன என்று கேட்டால் ஐந்து பேர் ஐந்து கதை சொல்வார்கள். 65 நாள் வயதான கோழி என்பது ஒன்று. ஒரு கோழியை 65 துண்டாக வெட்டுவது என்பது இன்னொன்று. 65 செத்தல் மிளகாய் போடுவதால் அந்தப் பெயர் என்பார்கள். மிலிட்டரி ஹோட்டல் ஒன்றின் உணவுப் பட்டியலில் அது 65ஆவது இலக்கம், தமிழ் தெரியாத சிப்பாய்கள் இலக்கத்தைச் சொல்லியே வாங்கினார்கள், அதுவே பெயராகிவிட்டது என்பது எல்லாவற்றிலும் அழகான கதை. ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம் இந்த இடத்தில் உதவும்: ஒரு கதை அழகாக இருப்பது அது உண்மை என்பதற்குச் சான்று அல்ல. இன்றைய புறொய்லர் கோழி 35 முதல் 42 நாட்களுக்குள் இறைச்சிக்குப் போய்விடுகிறது, ஆகவே 65 நாள் கணக்கு இன்றைய கோழிக்குப் பொருந்தாது. 65 துண்டாக வெட்டினால் வாயில் வைக்க எதுவும் மிஞ்சாது. 65 மிளகாயைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மிஞ்சுவது சென்னை புஹாரி ஹோட்டலின் கதை. ஏ.எம். புஹாரி 1951இல் அன்றைய மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், திறந்த உணவகம் அது. அங்கே இந்தப் பொரியல் 1965இல் பட்டியலில் சேர்ந்தது, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே பெயராயின என்பது அந்த உணவகத்தின் கூற்று. தன்னைப் பற்றித் தானே சொல்வதுதானே என்று சந்தேகப்படலாம். ஆனால் அதே பட்டியலில் சிக்கன் 78, சிக்கன் 82, சிக்கன் 90 என்றும் உணவுகள் உள்ளன. அவை முறையே 1978, 1982, 1990 ஆண்டுகளில் சேர்ந்தவை. ஒரு இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு எந்தக் கதையையும் கட்டலாம். நான்கு இலக்கங்கள் வரிசையாக நிற்கும்போது மற்றக் கதைகளுக்கு இடம் குறைந்துவிடுகிறது. நான் இந்தப் பக்கம்தான். நமக்கு இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. புஹாரி கொழும்பில் படித்தவர்.

சென்னையிலிருந்து புறப்பட்ட பொரியல் போன இடமெல்லாம் உருமாறியது. சென்னையில் அது உலர்ந்த பொரியல். ஹைதராபாத்துக்குப் போனபோது பொரித்த துண்டுகளைத் தயிர், கறிவேப்பிலை, பச்சை மிளகாய்த் தாளிதத்தில் புரட்டி எடுக்கும் ஈரப்பதமான உணவாயிற்று. கொழும்பில் சில இடங்களில் 65 என்று கேட்டால், பெரிய வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளிச் சோஸும் சேர்ந்து, நம்முடைய டெவில்ட் சிக்கனுக்குத் தங்கை மாதிரி ஒன்று வரும். சுவையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது டெவில்ட்தான்.

எங்கே போனாலும் மாறாதது நிறம். அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அது 65 இல்லை என்று ஒரு நினைப்பு நமக்குள் ஊறிவிட்டது. அன்று நானும் அதனால்தான் சுப்பர் மார்க்கெட்டில் சிவப்பு நிறமூட்டித் தூள் ஒரு சிறு போத்தல் வாங்கி, கால் தேக்கரண்டி போட்டேன்.

நிறத்தின் கதை

2024 இந்தியாவில் இந்த நிறத்துக்குச் சோதனையான ஆண்டு. பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. பரிசோதித்த மாதிரிகளில் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் தொழிற்சாலைச் சாயம், உணவுக்குரியதே அல்ல. மார்ச்சில் கர்நாடக அரசு, கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறங்களைத் தடை செய்தது. அங்கு எடுக்கப்பட்ட 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107இல் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள் காணப்பட்டிருந்தன. ஜூனில் தடை கபாப்களுக்கும் நீண்டது: கோழி, மீன், மரக்கறி எல்லாவற்றுக்கும். 39 கபாப் மாதிரிகளில் 8 பாதுகாப்பற்றவை என்று முடிவு வந்தது. அவற்றில் சன்செட் யெலோ, கார்மோய்சின் ஆகிய சாயங்கள் இருந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ரோடமின் பி எந்த உணவிலும் இருக்கக்கூடாதது. சன்செட் யெலோவும் கார்மோய்சினும் அப்படியல்ல. அவை சில வகை இனிப்புகளிலும் பானங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு அனுமதிக்கப்பட்டவை. கபாப் போன்ற உணவுகளில் அவற்றுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. நிறமூட்டிப் போத்தலின் லேபிளில் அவற்றை இலக்கமாகவும் காணலாம்: ஈ110 சன்செட் யெலோ, ஈ122 கார்மோய்சின், ஈ102 டார்ட்ராசின். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலையிலிருந்து, இவை உட்பட ஆறு நிறமூட்டிகளில் எது சேர்ந்திருந்தாலும், சிறுவர்களின் சுறுசுறுப்பிலும் கவனத்திலும் பாதிப்பு ஏற்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பொதியில் அச்சிட வேண்டும். பிறந்தநாள் விழாக்களில் இந்தப் பொரியலை முதலில் காலி செய்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் வீட்டில் போட்டது கால் தேக்கரண்டி. கடையில் வாங்கிய, லேபிள் உள்ள தூள். அது யாரையும் நோயாளி ஆக்கியிருக்காது. நான் சொல்லவந்த குற்றச்சாட்டு வேறு. அந்த நிறம் என் கண்ணைக் கட்டிவிட்டது.

பொரிக்கும்போது சமைப்பவருக்கு வழிகாட்டுவது நிறமாற்றம்தான். மா பூசிய கோழி முதலில் வெளிறி, பிறகு பொன்னிறமாகி, பிறகு தவிட்டு நிறத்துக்கு வரும். அதைப் பார்த்துத்தான் இன்னும் ஒரு நிமிடம் விடலாமா, எடுக்கலாமா என்று தீர்மானிக்கிறோம். சிவப்புச் சாயம் போட்ட துண்டு எண்ணெயில் விழும்போதே சிவப்பு, முப்பது விநாடியில் கடும் சிவப்பு. அதற்குமேல் அது அவிந்ததா கருகுகிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பிய்த்துப் பார்த்தாலும், சாயம் ஓரங்களில் ஊறியிருப்பதால் பச்சை இறைச்சியின் இளஞ்சிவப்பா, சாயத்தின் சிவப்பா என்ற குழப்பம். அன்று முதல் துண்டை நானும் சமைக்கும்போதே பிய்த்துப் பார்த்திருந்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. கலர் ஊறிவிட்டது என்று எண்ணி அடுத்த தொகுதியைப் போட்டுவிட்டேன்.

சாயமில்லாத சிவப்பு

மிளகாயின் சிவப்பும் மிளகாயின் உறைப்பும் இரண்டு வெவ்வேறு பொருட்கள். சிவப்பைத் தருவது கப்சாந்தின், கரட்டின் நிறத்தைத் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது. உறைப்பைத் தருவது கப்சைசின். அது விதையில் இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தசையில்தான் அது உருவாகிறது, விதையில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே, உறைப்பைக் குறைத்து நிறத்தை மட்டும் எடுக்க முடியும். காஷ்மீர் மிளகாய் இயல்பிலேயே அப்படியானது. அதன் தூள் இங்கு இந்தியப் பொதிகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், பத்துச் செத்தல் மிளகாயை நீளவாக்கில் கிழித்து, விதையையும் வெள்ளைத் தசையையும் தட்டிவிட்டு, சுடுநீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, இஞ்சி உள்ளியுடன் சேர்த்து அரைத்தால் போதும். தூளைவிட இந்த அரைத்த விழுதுதான் எனக்குப் பிடிக்கிறது. அம்மியில் அரைத்தால் இன்னும் நன்றாயிருக்கும், வெள்ளவத்தையில் அம்மிக்கு எங்கே போவது.

கப்சாந்தின் எண்ணெயில் கரையும். பொரித்து முடிந்ததும் எண்ணெய் செம்மஞ்சளாக மாறுவது அதனால்தான். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் அது கருகித் தவிட்டு நிறமாகிவிடும். சாயம் எந்தச் சூட்டிலும் சிவப்பாக நின்று சமாளிக்கும். மிளகாய் சமாளிக்காது, எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மிளகாயைப் பயன்படுத்த எனக்குள்ள முதல் காரணம் இதுதான், உடல்நலம் இரண்டாவது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நமது வறுத்த கறித்தூளை இதில் போட வேண்டாம். அதில் மிளகாயும் மல்லியும் ஏற்கெனவே வறுபட்டுக் கறுத்தவை. கொதிக்கும் எண்ணெயில் இரண்டாம் தரம் வறுபட்டால் கைக்கும். நான் ஒருமுறை, ஊர்த்தூளின் மணம் வரட்டும் என்று போட்டுப் பார்த்தேன். கரித்துண்டு போல வந்தது. அந்தத் தூளின் இடம் குழம்புச் சட்டி.

கழுவுவதா, விடுவதா

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் வரவில்லை. 2014இல் பிரித்தானியாவின் உணவுத் தர முகவர் நிலையம், பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. கோழியில் இருக்கும் கம்பைலோபக்டர், சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்கள் கழுவுவதால் போவதில்லை. குழாய்த் தண்ணீர் பட்டுத் தெறிக்கும்போது அவை சிங்க், பக்கத்தில் காயும் கோப்பை, சலாட்டுக்கு வைத்த வெள்ளரி எல்லாவற்றிலும் போய் விழும். பக்டீரியாவைக் கொல்வது சூடு மட்டுமே.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாத கோழியை நான் வாயில வைக்க மாட்டன். அவையள் வேணுமெண்டால் அப்பிடியே தின்னட்டும்" என்றார். அம்மாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. சந்தையில் வெட்டுவிக்கும் கோழியில் எலும்புத் தூளும் இரத்தக் கட்டியும் சிலவேளை இறகும் இருக்கும், பொதியில் வரும் ஐரோப்பியக் கோழி போல அல்ல. கடைசியில் வந்த உடன்பாடு: குழாயின் கீழே கழுவுவதில்லை. ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கோழியை அதற்குள் மெதுவாக அலசி, தெறிக்காமல் வடித்து, பாத்திரத்தையும் சிங்கையும் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. மரக்கறிகளை அதற்கு முன்பே வெட்டி எடுத்து வைத்துவிடுவது. அலசிய கோழியைத் துணியாலோ டிசுவாலோ ஒற்றி ஈரத்தை எடுப்பதும் முக்கியம். ஈரக்கோழியில் மா ஒட்டாது, எண்ணெயும் தெறிக்கும்.

இப்போது நான் செய்யும் முறை

நான்கு பேருக்கு 500 கிராம் எலும்பில்லாத கோழி. நெஞ்சு இறைச்சியைவிடத் தொடை இறைச்சி நல்லது. நெஞ்சு ஒரு நிமிடம் கூடினாலே சக்கையாகிவிடும், தொடை பொறுத்துக்கொள்ளும். துண்டு ஒவ்வொன்றும் பெருவிரலின் முதல் கணு அளவு, அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில் நான் இப்போது பிடிவாதம் பிடிக்கிறேன். இறைச்சிக் கடையில் சொன்னால் பெரும்பாலும் கறித்துண்டு அளவில்தான் வெட்டித் தருவார்கள், வீட்டில் வந்து மீண்டும் வெட்டவேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த் தூள் அல்லது மேலே சொன்ன விழுது, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள், அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத் தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி உள்ளி விழுது, ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி. விழுதிலேயே இஞ்சி உள்ளி அரைத்திருந்தால் மறுபடி சேர்க்கத் தேவையில்லை. பிசைந்து அரை மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும். தேசிப்புளி போட்டதை இரவு முழுக்க வைக்கக்கூடாது, இறைச்சியின் மேற்பரப்பு மாவு போலக் குழைந்துவிடும். முதல் நாளே ஊறவைக்க விரும்பினால், தேசிப்புளிக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி தயிர் சேர்த்து பிறிட்ஜில் வைக்கலாம், தயிரின் புளிப்பு மெதுவாக வேலை செய்யும்.

பொரிக்கப் போகும் நேரத்தில் ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, இரண்டு மேசைக்கரண்டி சோள மா, ஒரு மேசைக்கரண்டி அரிசி மா. சோள மா மொறுமொறுப்பைத் தரும், அரிசி மா அந்த மொறுமொறுப்பை ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். கோதுமை மாவைத் தவிர்க்கிறேன், அது பஜ்ஜி மாதிரித் தடிப்பாகிவிடுகிறது. மா கலவை கோழியின் மேல் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும், போர்வை போல அல்ல.

இனி எண்ணெய். அன்று நான் விட்ட மற்றப் பிழைகள் எல்லாம் இங்கேதான். உறைந்த கோழியை ஒரு மணித்தியாலம் மேசையில் வைத்துவிட்டு, இளகிவிட்டது என்று எடுத்தேன். வெளியே இளகியிருந்தது, எலும்போரம் இன்னும் பனிக்கட்டி. துண்டுகள் பெரியவை, எலும்போடு. எண்ணெயோ புகைந்துகொண்டிருந்தது. புகையும் எண்ணெயில் வெளிப்புறம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், உள்ளே சூடு போய்ச் சேர நேரமில்லை. உறைந்த கோழியை முதல் நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த்தட்டில், சாறு வேறெதிலும் வடியாதபடி ஒரு கோப்பையில் வைத்து இளக விடுவதுதான் சரி. மேசையில் வைத்து இளக விட்டால், உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளியே பக்டீரியா பெருகத் தொடங்கிவிடும். அவசரமென்றால் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம்.

கோழி இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அளவு. பிரித்தானியாவில் 70 பாகையில் இரண்டு நிமிடம் என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதுகாப்பைத்தான் தருகின்றன. சமையல் வெப்பமானி இருந்தால் குத்திப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலானோரிடம் அது இல்லை, ஆகவே துண்டின் அளவையும் எண்ணெயின் சூட்டையும் நேரத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது.

எண்ணெய் 165 முதல் 170 பாகைக்குள் இருக்கும்போது மாவில் ஒரு துளி விட்டால், அது அடியைத் தொட்டு இரண்டு மூன்று விநாடியில் குமிழியோடு மேலே வரும். விழுந்தவுடன் மேலே பாய்ந்தால் சூடு கூடிவிட்டது. அடியிலேயே கிடந்தால் போதவில்லை. ஒரு தடவைக்கு எட்டு, பத்துத் துண்டுக்கு மேல் போட வேண்டாம். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு சடாரென்று இறங்கி, கோழி பொரிவதற்குப் பதிலாக எண்ணெயில் ஊறும். நடுத்தரச் சூட்டில் ஐந்து நிமிடம். இந்த நேரத்தில் காதையும் கொடுக்க வேண்டும். துண்டைப் போட்டவுடன் எழும் பெரும் இரைச்சல், இறைச்சியிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். அது படிப்படியாகக் குறைந்து, குமிழிகள் சிறுத்து, மெல்லிய சலசலப்பாக வரும்போது துண்டை எடுக்கலாம். எடுத்து, அந்தத் தொகுதியிலேயே பெரிய துண்டை நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே முழுக்க வெண்மையாக, நார் பிரிந்து, வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். சாயம் இல்லாதபடியால் இப்போது அது கண்ணுக்குத் தெரியும்.

எல்லாத் துண்டுகளும் இப்படிப் பொரிந்த பிறகு, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெயை 180 பாகைக்குச் சற்று மேலே ஏற்றி, ஒரு நிமிடம் இரண்டாம் தரம் பொரிப்பேன். முதல் தரம் உள்ளே அவிவதற்கு, இரண்டாம் தரம் வெளியே மொறுமொறுக்க. இரண்டு வேலையையும் ஒரே தரத்தில் முடிக்கப் போனதுதான் அன்றைய அவசரம். நேரக் கணக்கில் இது பத்து நிமிடம்கூடக் கூடுவதில்லை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும் என்பதால், இரண்டாம் பொரிப்புக்கு அது ஒத்துவராது. இதற்கு மட்டும் சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய்.

கடைசியாக அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே கீறிய பச்சை மிளகாய் மூன்றும், இரண்டு நெட்டுக் கறிவேப்பிலையும். கறிவேப்பிலையைத் துடைத்து நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். எனது இடது முழங்கையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. தாச்சி எப்போதாவது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, எரியும் எண்ணெய் வீடு முழுக்கப் பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். பொரிக்கத் தொடங்கும் முன்பே பொருத்தமான மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

மிஞ்சும் எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடித்து, ஒரு கிழமைக்குள் இன்னொரு தடவை மீனோ கோழியோ பொரிக்கப் பயன்படுத்தலாம். கறுத்து, நுரைத்து, மணம் மாறியதை வைத்திருக்க வேண்டாம். எண்ணெய் விற்கும் விலையில் அதை வீச மனம் வராது என்பது தெரியும், எனக்கும் வருவதில்லை.

இந்த முறையில் வரும் 65 கடையில் வரும் சிவப்பில் இராது. செங்கல் நிறத்துக்கும் தவிட்டு நிறத்துக்கும் இடையில் ஒன்று. முதல் தடவை பார்த்த தம்பி, "இது என்ன, வெயிலில காஞ்ச மாதிரி இருக்கு" என்றான். பேசிக்கொண்டே ஏழு துண்டு சாப்பிட்டான்.

மச்சாள் அடுத்த முறை வந்தபோது எட்டாம் மாதம். நான் எதுவும் சொல்லாமல் தட்டை அவர் முன்னால் வைத்தேன். தட்டிலிருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா."